ஐந்து கிலோவும் இரண்டு சிப்பமும்

கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள் காலை, ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்தத் தம்பி வந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

“அக்கா, அப்பாவுக்கு வருஷ திதி வருது. நாட்டு அரிசியிலதான் படைக்கணும்னு ஐயர் சொல்லிட்டார். வெளிநாட்டு ரகம், ஒட்டு ரகம் எதுவும் கூடாதாம். சுத்தமானதா அஞ்சு கிலோ வேணும். அன்னிக்கே கோயில் பக்கத்துல அன்னதானமும் பண்றோம். அதுக்கு ரெண்டு சிப்பம். அது சாதாரணமா இருந்தாப் போதும்.”

பில் புத்தகத்தில் எழுதினேன். கிச்சிலிச் சம்பா 5 கிலோ. சாதா புழுங்கல் 2 சிப்பம். முன்பணம் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மெட்ரோ பக்கம் ஓடினான்.

வடபழனி ஆண்டவர் கோயிலுக்கும் ஆற்காடு சாலைக்கும் நடுவே ஒரு சந்தில் எங்கள் அரிசி மண்டி. மாமனார் வைத்த கடை. ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1984-இல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமனாருக்குக் கண் பார்வை மங்கிய பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். அரிசியை உள்ளங்கையில் அள்ளித் தவிடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதும், ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்து அந்தச் சத்தத்திலேயே புதுசா பழசா என்று சொல்வதும் அவர் கற்றுக்கொடுத்தவை. இத்தனை வருஷத்தில் அரிசியைப் பற்றி எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். குழையுமா, உதிருமா, இட்லிக்கு ஆகுமா, சர்க்கரைக்காரர் சாப்பிடலாமா. அரிசியின் பூர்வீகத்தைக் கேட்பது கடந்த சில வருஷங்களாகத்தான்.

அன்று முழுக்க ‘நாட்டு அரிசி’ என்ற சொல் என்னை விடவில்லை. அடுக்கியிருந்த மூட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இதில் எது நாடு, எது வெளிநாடு?

சென்னையில் நல்ல அரிசி எது என்று கேட்டால் பொன்னி என்பார்கள். வெள்ளைப் பொன்னி, கர்நாடகா பொன்னி, டீலக்ஸ் பொன்னி, ஆந்திரா பொன்னி என்று அந்தக் குடும்பம் பெரியது. பொன்னி என்றால் காவிரி. இதைவிட நாட்டுப் பெயர் ஓர் அரிசிக்கு அமையாது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்களிடம் மாசச் சாமான் வாங்குவார். அவர்தான் ஒருநாள் பில்லின் பின்பக்கத்தில் பொன்னிக்கு வம்சாவளி வரைந்து காட்டினார். கல்யாணத் தரகர் ஜாதகத்தை விரித்த மாதிரி இருந்தது.

பொன்னியின் பிறந்த வீட்டுப் பெயர் மஹ்சூரி. 1950-களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, நம் பக்கத்து நெல்லையும் ஜப்பான் வகை நெல்லையும் கலக்கும் திட்டம் ஒன்றை ஒடிசாவின் கட்டாக்கில் நடத்தியது. அதில் மலாய் நாட்டின் மாயாங் ஈபோஸ் நெல்லுக்கும் தைவானின் தைச்சுங் 65 நெல்லுக்கும் பிறந்தது அது. விதை மலாயாவுக்குப் போய், அங்கே பொறுக்கி எடுக்கப்பட்டு, 1965-இல் மஹ்சூரி என்று வெளிவந்தது. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது.

மஹ்சூரி என்பது லங்காவித் தீவில் எல்லோருக்கும் தெரிந்த பெண்ணின் பெயர். கற்புக்குக் களங்கம் என்று பொய்ப்பழி சுமத்தி அவளைக் குத்திக் கொன்றார்கள். காயத்திலிருந்து வெள்ளை ரத்தம் வந்தது. ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சபித்துவிட்டுச் செத்தாள். இது அங்கே வழங்கும் கதை. பொய்ப்பழி, பழிவாங்கிய சாபம் என்றதும் நமக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவிரி கடலில் சேரும் பூம்புகாரில் பிறந்தவள் அவள். அந்த மஹ்சூரி இங்கே காவிரியின் பெயரைப் பூண்டு நம் இலையில் விழுகிறாள். அவளைப் பார்த்து நீ வெளிநாடு என்று எப்படிச் சொல்வது?

ஆந்திரா பொன்னி என்று விற்பதில் பெரும்பகுதி பிபிடி 5204. பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த சம்பா மசூரி. அதன் வம்சாவளியில் மூன்று பேர். தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, மலேசியாவின் மஹ்சூரி, நம் கோயம்புத்தூரின் ஜிஇபி 24. கோணாமணி என்ற பழைய ரகத்தில் தானாக நேர்ந்த மாறுதலைக் கண்டுபிடித்துப் பிரித்து, 1921-இல் வெளியிட்ட நெல் இந்த ஜிஇபி 24. ருசிக்கும் மெல்லிய மணிக்கும் பேர் போனது. மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றே சொன்னார்கள்.

ஐயா அடுத்துப் போட்ட கோடுதான் என்னை அசைத்தது. வெளிநாட்டு நெல் என்று யாரும் சந்தேகமில்லாமல் கைகாட்டும் ஐஆர் 20, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்டது. அதற்கு ஒரு பக்கத்துப் பெற்றவர் டிகேஎம் 6. டிகேஎம் என்றால் திரூர்க்குப்பம். இங்கிருந்து பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், திருவள்ளூர்ப் பக்கம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக அதை பிலிப்பைன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த டிகேஎம் 6-க்குப் பெற்றவர்களில் ஒன்று மறுபடியும் அதே ஜிஇபி 24. ஆக, வெளிநாட்டுக்காரன் என்று வாசலில் நிறுத்தப்படும் ஐஆர் 20 கிச்சிலிச் சம்பாவின் பேரப்பிள்ளை. காவிரி என்று உள்ளே அழைத்துப் பாய் விரிக்கப்படும் பொன்னிக்கோ பெற்றவர்கள் இருவரும் கடலுக்கு அப்பால்.

சரி, இது அறிவியல்காரர்கள் வயலில் செய்த கலப்பு, பழைய ரகங்கள் அப்படி இல்லையே என்று கேட்கலாம். செட்டிநாட்டில் கல்யாண விருந்தில் கவுனி அரிசி வைப்பார்கள். நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் அங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்வார்கள். இன்று என் கடையில் ‘பாரம்பரிய ரகம்’ என்ற பலகைக்குக் கீழே முதலில் தீர்ந்துபோவது அந்தக் கருப்புக் கவுனிதான். எத்தனை தலைமுறை ஆனால் வந்தவர் ஊர்க்காரர் ஆவார்? மஹ்சூரி சாபம்கூட ஏழு தலைமுறைக்குத்தான். வருஷம் இரண்டு போகம் என்று வைத்தால் நெல்லுக்கு ஏழு தலைமுறை மூன்றரை வருஷத்தில் கழிந்துவிடும்.

இதைச் சொல்வதால் நாட்டு ரகம் எல்லாம் கட்டுக்கதை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐஆர் எட்டு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஏழு வயசு. 1966 கடைசியில் பிலிப்பைன்ஸில் வெளியான நெல், இரண்டு வருஷத்துக்குள் எங்கள் ஊர் ஏரிக்கரை வரை வந்துவிட்டது. அரிசித் தட்டுப்பாட்டில் ஊரே நொந்துபோயிருந்த காலம். ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சு ஒரு தேர்தலையே புரட்டிப்போட்டிருந்தது. பதினாலு மூட்டை கண்ட நிலத்தில் அப்பா இருபத்தெட்டு மூட்டை கட்டினார். களத்துமேட்டில் நின்று இரண்டு தடவை எண்ணினார். எங்கள் வட ஆற்காட்டில் ஒரு விவசாயி தன் மகனுக்கே ஐஆர்எட்டு என்று பெயர் வைத்தார் என்றால் அந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ளலாம்.

குறைகள் பிறகு வந்தன. குட்டைப் பயிர், வைக்கோல் கூரை வேயப் போதவில்லை. மில்லில் அரைத்தால் பாதி நொய். மணியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை வயிறு. மாவுத் துகள்கள் நெருங்கி அடையாமல் இடையில் காற்று தங்கிய இடம் அது. அங்கேதான் மணி உடையும். புழுக்கினால் கொஞ்சம் தப்பிக்கும். ஊறவைத்து ஆவி காட்டும்போது மாவு இளகி அந்த இடைவெளியை மூடிக்கொள்ளும். பச்சரிசியாக அரைத்தால் குருணைதான்.

சோறு விஷயம் அம்மாவுக்குத்தான் தெரியும். சுடச்சுட வடித்தால் பொலபொலவென்று நன்றாகவே இருக்கும். ராத்திரிக்குள் விறைத்துவிடும். காலையில் பழைய சோற்றுப் பானையில் கை விட்டால் பருக்கை பருக்கையாகக் கூழாங்கல். அரிசி மாவில் இரண்டு வகை இழை உண்டாம். கிளைவிட்ட இழை ஒட்டும். நேர் இழை உதிரும். நேர் இழைக்கு அமைலோஸ் என்று பெயர். அது நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் போனால் சோறு உதிரியாக வரும், ஆறினால் இறுகும். ஐஆர் எட்டு அந்த ஜாதி. ஜப்பான்காரர் குச்சியில் எடுத்துத் தின்னும் அரிசியில் இது குறைவு, அதனால் கட்டியாக ஒட்டுகிறது. வெளிநாட்டு அரிசி விறைக்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாதபடி வெளிநாடுகளே தங்களுக்குள் அப்படி வேறுபடுகின்றன. ஐஆர் எட்டை வளர்த்தவர்களுக்கு மூட்டை எண்ணிக்கை அவசரம். நாக்கைக் கேட்க நேரமில்லை. நாக்கைக் கேட்ட பிறகு, அதைச் சரிசெய்ய வந்தவற்றில் திரூர்க்குப்பத்து நெல்லும் ஒன்று.

அப்பா ஒன்று செய்தார். அரை ஏக்கரில் மட்டும் வீட்டுக்கென்று சம்பா வைத்துக்கொண்டார். மிச்சத்தில் ஐஆர் எட்டு, விற்பதற்கும் அறுப்புக் கூலிக்கும். எங்கள் தெருவில் நிலம் இருந்த எல்லா வீட்டிலும் அதே ஏற்பாடுதான். அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்த வாரம் வீட்டில் ஒரு பரீட்சை வைத்தேன். என் மாமியாருக்கு எண்பத்தாறு வயசு. சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் இருக்கிறது. நாக்கு மட்டும் இருபது வயசில் நிற்கிறது. மூன்று சின்னச் சட்டியில் மூன்று சோறு வடித்தேன். கிச்சிலிச் சம்பா, ஒரு வருஷப் பழசான வெள்ளைப் பொன்னி, ஐஆர் 20. மூன்றும் புழுங்கல். பெயர் சொல்லாமல் மூன்று கவளம் மிளகு ரசம் விட்டு வைத்தேன்.

“அத்தை, இதுல எது நம்ம நாட்டு அரிசி?”

இரண்டாவதைத் தொட்டுக் காட்டினார். பொன்னி.

“இதுதான்டி நம்ம சோறு. அது யார் வீட்டுச் சோறு?” என்றார் கிச்சிலியைக் காட்டி. மூன்றாவதை, “இட்லிக்குப் போடற அரிசியை ஏன் வடிச்சே?” என்று ஒதுக்கிவிட்டார். அது சரிதான். வெகுகாலம் நாங்கள் ஐஆர் 20-ஐ இட்லிக்குத்தான் விற்றோம்.

மிச்சத்தில் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு மூன்று கிண்ணம். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. கிச்சிலிக் கிண்ணம் முதலில் காலியானது. பொன்னி பாதி. மூன்றாவது அப்படியே இருந்தது.

ராத்திரி பொன்னி நம்ம சோறு, காலையில் கிச்சிலி நம்ம சோறு. நாற்பது வருஷப் பழக்கம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் இருந்த நாற்பது வருஷம் வேறு தீர்ப்புச் சொன்னது. குணம் மணிக்குள் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் வியாபாரம் செய்தேன். நீளம் இவ்வளவு, உடைசல் இவ்வளவு, வெள்ளை வயிறு இவ்வளவு என்று. அது பொய்யில்லை, அளந்து காட்டலாம். ஆனால் பாதிக் குணம் இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

இனி சாமி கணக்குக்கு வருகிறேன். ஐயர் சொன்னதில் ஒரு பழைய நியாயம் உண்டு. எங்கள் கடைக்கு வரும் மாமிகள் திவசச் சமையலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி எதையும் சேர்க்க மாட்டார்கள். இங்கிலீஷ் காய். மிளகாய்கூட இல்லை, மிளகுதான். கடல் தாண்டி வந்தவற்றுக்கு முன்னோர் இலையில் இடமில்லை. போனவர்கள் அறிந்த ருசியை அப்படியே காப்பாற்றி வைக்கும் ஏற்பாடு அது. அந்த ஒரு நாள் சமையலறை சில நூறு வருஷம் பின்னால் போய்விடுகிறது. அதை நான் மதிக்கிறேன். அதே இலையில் விழும் பச்சரிசி பெரும்பாலும் பொன்னி என்பதை மாமிகளிடம் நான் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுப் படையல் வேறு மாதிரி. போனவருக்கு என்ன பிடிக்குமோ அது இலையில் இருந்தாக வேண்டும். மாமனாருக்குத் தினம் சாயங்காலம் டீக்கடை பன்னில் வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். அவர் திதிக்கு வடை, பாயசத்தோடு அந்தப் பன்னும் இருக்கும். மைதா, ஈஸ்ட், சீமைப் பண்டம். அத்தைதான் தன் கையால் வைப்பார். ஒரு சாஸ்திரம் போனவரின் குலத்தை நினைக்கிறது. இன்னொன்று போனவரை நினைக்கிறது.

பழனிக்குத் தென்மேற்கே பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் 2009-10-இல் அகழாய்வு செய்தபோது, ஒரு ஈமக்குழியில் நாலு கால் வைத்த ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் இரண்டு கிலோ நெல். சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ தன் வீட்டு மனுஷருக்குப் போகும் வழிக்கு நெல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன ரகமோ, அந்த வருஷம் களத்தில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். இருப்பதில் மட்டமானதை அள்ளி ஜாடியில் அடைத்திருக்க மாட்டார்கள் என்று என் வியாபாரப் புத்தி சொல்கிறது.

நம் ஆண்டவர் மட்டும் என்ன, வடபழனியின் பூர்வகுடியா? பெயரிலேயே இருக்கிறது. சுமார் 1890-இல் அண்ணாசாமி தம்பிரான் கூரைக் கொட்டகையில் பழனி ஆண்டவர் படத்தை வைத்துக் கும்பிட ஆரம்பித்ததுதான் இந்தக் கோயில். நாற்றங்கால் அங்கே, நடவு இங்கே. ஸ்டுடியோ வேலைக்கு ஆந்திராவிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வந்து தங்கியவர்களும், ஆரணியிலிருந்து வந்த நானும் சேர்ந்துதான் அவருக்கு ஊர். நடவு செய்தால் பயிர் வலுக்கும் என்பது நெல் போட்ட எல்லாருக்கும் தெரியும்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு மார்கழியில் சொற்பொழிவு கேட்டேன். தைத்திரீய உபநிடதத்தில் சோற்றைப் பற்றிச் சில விரதங்கள் வருகின்றன என்றார் பேசியவர். சோற்றைப் பழிக்காதே என்பது ஒன்று. சோற்றைப் பெருக்கு என்பது இன்னொன்று. வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பாதே என்பதும் உண்டு. இந்தத் தம்பியின் ஐயருக்கு இதுதான் பதில் என்று எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு. வெளிநாடு என்று சொல்லிச் சோற்றை ஒதுக்குவது பழிப்புத்தானே? வெள்ளிக்கிழமை வரட்டும், பில்லின் பின்பக்கத்து வம்சாவளியைக் காட்டி அவனுக்குப் பாடம் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பையனிடம், “அன்னதான அரிசி ரெண்டு சிப்பம் தனியா எடுத்து வைடா” என்றேன்.

என் வாயிலிருந்தே வந்தது. அன்னதான அரிசி.

எங்கள் கடையின் பின்வரிசையில் சுவரோரம் மாமனார் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: ‘அன்னதானம்’. அதற்குக் கீழே இருப்பது கடையிலேயே விலை குறைந்த அரிசி. சிப்பம் என்றால் முன்பு 25 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பைகளுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு, வரிக்குத் தப்ப 26 கிலோ ஆக்கிவிட்டார்கள். உடைசல் அதிகம், அங்கங்கே பழுப்பு, கறுப்பு. புது அரிசி, குழைந்துபோகும். ஆனால் சாம்பார் சாதமாகக் கிண்டிவிட்டால் தெரியாது. இது கெட்ட அரிசி என்று சொல்ல மாட்டேன். கெட்ட அரிசி எங்கள் கடையில் கிடையாது. ஆனால் என் வீட்டு உலையில் அதை நான் போட்டதில்லை. அந்த அட்டைக்குக் கீழே நின்று எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்! பிறந்தநாள், கல்யாணநாள், வேண்டுதல், திதி. எல்லாரும் அதே வாக்கியம்தான் சொல்வார்கள்: “அன்னதானத்துக்குத்தானே, சுமாரா இருந்தாப் போதும்.”

அப்பாவின் அரை ஏக்கர் சம்பா அப்போதுதான் என் கண்ணில் குத்தியது. வீட்டுக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று.

சோற்றைப் பழிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. நீ எந்த ஊர் என்று கேட்டு இலையிலிருந்து தள்ளுவது ஒன்று. அது சத்தமாக நடக்கும். அதற்கு எதிராக வாதம் பண்ணலாம், வம்சாவளி காட்டலாம். எந்தச் சோறாக இருந்தால் என்ன, தின்பவன் தின்னட்டும் என்பது இன்னொன்று. அது தருமத்தின் பெயரிலேயே நடக்கிறது, கும்பிடும் வாங்குகிறது. அந்தத் தம்பி ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். முதல் பாதி எனக்கு உறைத்தது. இரண்டாம் பாதியை நான் பில்லில் எழுதினேன்.

எண்ணிக்கையைப் பெரிதாக நினைப்பது பாவம் என்று என்னால் சொல்ல முடியாது. இருபத்தெட்டு மூட்டையை அப்பா இரண்டு தடவை எண்ணியதைப் பார்த்தவள் நான். அந்த வருஷம் எங்கள் ஊரில் பட்டினி கிடந்து யாரும் கிழங்கு தோண்டப் போகவில்லை. விறைத்த சோறும் சோறுதான். ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. பசிக்கு முன்னால் வேறெந்தக் கேள்வியும் அவருக்கு இரண்டாம்பட்சம். ஆனால் ஆற்காடு சாலையில் இன்று பொட்டலத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் பாதிப்பேர் ரேஷன் அட்டை வைத்திருப்பவர்கள். இலவச அரிசி வீட்டில் இருக்கிறது. கோயில் பக்கம் கொடுக்கிறார்கள் என்றால், ஒரு வேளை நல்ல சோறு என்று நினைத்து வருகிறார்கள். பஞ்ச காலத்தில் எண்ணிக்கையே தருமம். மூட்டை அடுக்கி வைத்திருக்கும் காலத்தில் அது ஒரு சாக்கு.

ஆதிரங்கத்து நெல் ஜெயராமனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் அவர் போய்ச் சேர்ந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி, வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் அதை நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது. தொலைந்துபோன ரகங்கள் நூற்றுக்கும் மேல் அப்படித்தான் வயலுக்குத் திரும்பின. என் கடையில் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் தூயமல்லியும் நிற்பதற்கு அவரும் ஒரு காரணம். அவர் விதையைக் கொடுத்தபோது மட்டமானதைப் பொறுக்கிக் கொடுத்திருந்தால் நாலு கிலோ திரும்பி வந்திருக்காது. கொடுப்பதில் நல்லதைக் கொடுப்பது விதைக்காரருக்கு நிர்ப்பந்தம். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. பொட்டலம் வாங்கியவர் எதையும் திருப்பித் தரப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தான். வம்சாவளியை எடுக்கவில்லை.

“உங்கப்பா என்ன அரிசி சாப்பிடுவார் தம்பி?” என்றேன்.

யோசித்தான். “தெரியலைக்கா. அம்மாதான் வாங்குவாங்க.”

“அம்மா வாங்கலை. அவரே வந்து வாங்குவார், இங்கதான். வெள்ளைப் பொன்னி. ஒரு வருஷத்துக்குக் குறைஞ்சா தொட மாட்டார். கையில அள்ளி வாசலுக்குப் போய் வெளிச்சத்துல பார்ப்பார். ஒரு மணியைக் கடிச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். புதுசு கலந்திருந்தா அந்தப் பார்வையிலயே எனக்குத் தெரிஞ்சிடும்.”

பில்லில் அவன் தெரு விலாசத்தைப் பார்த்துப் புதன்கிழமையே எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் வந்தவர். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

“அப்ப இந்தக் கிச்சிலி அவருக்குத் தெரியாத அரிசியாக்கா?”

“அவங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ஐயர் சொன்னதுக்கு அது இருக்கட்டும். இலையில அவருக்குன்னு வைக்கிற சோறு பொன்னியா வைங்க. அன்னதானத்துக்கும் அதையே போடலாமான்னு பாருங்க. கிலோவுக்கு இருபத்து நாலு ரூபா கூட வரும்.”

ஐம்பத்திரண்டு கிலோவுக்கு 1,248 ரூபாய். அவன் கைப்பேசியில் கணக்குப் போட்டான். சமையல்காரருக்கு, பொட்டலக் கவருக்கு என்று ஏற்கெனவே பட்ஜெட் போட்டாகிவிட்டதாம். ஒரு சிப்பத்தைக் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இருநூறு பேர் குறைவார்கள். அந்த இருநூறு பேரைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வித்தியாசத்தில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். பாதிதான். நான் வியாபாரி, மாசக் கடைசி வேறு.

ஐயர் சொன்ன ஐந்து கிலோவும் எடுத்துக்கொண்டான், பொன்னி இரண்டு சிப்பமும் எடுத்துக்கொண்டான். ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தான். என்ன கண்டுபிடித்தான் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாமனாரின் அட்டையைக் கழற்றிக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். எறிய மனசு வரவில்லை, அவர் கையெழுத்து. அந்த அரிசி அங்கேயேதான் இருக்கிறது. வாங்க வேறு வழியில்லாத வீடுகளும் இருக்கின்றனவே. பெயர்தான் இல்லை. அன்னதான அரிசி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், நீங்கள் வீட்டில் என்ன அரிசி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. கடைக்காரிக்கு எதற்கு இந்த விசாரணை என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். போன மாசம் ஆறு பேர் வந்தார்கள். நாலு பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.